செம்மண் தடமும் முகப்பு விளக்கும்: ரஹாங் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வந்த வரலாறு

சிரம்பான் நகரின் விளிம்பை ஒட்டி அமைந்த பகுதி ரஹாங். இன்று அது கடைவரிசைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நெருங்கி நிற்கும் நகர்ப்புறம். ஆயினும் இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர், நகரத்தை விட்டுச் சிறிது தொலைவு சென்றாலே ரப்பர் மரங்களின் நிழல் தொடங்கிவிடும். ராசா, மம்பாவ், ரந்தாவ், லாபு, செனாவாங் என்று எத்திசையில் திரும்பினும் தோட்டங்களே. அத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குச் சிரம்பான் என்பது மருத்துவமனை, கோயில் திருவிழா, திரைப்படக் கொட்டகை, சம்பளத்துக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தொலைவு பெரிதன்று. ஆனால் அதைக் கடக்கும் வழிதான் அவர்கள் கையில் இல்லை.

தோட்டத்துச் சாலைகள் எதற்காகப் போடப்பட்டன என்பதை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். மரத்தில் வடிந்த பாலை நிறுத்துமிடத்துக்கும், அங்கிருந்து ஆலைக்கும் கொண்டு சேர்க்கவே அவை வெட்டப்பட்டன. தொழிலாளி ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது அச்சாலைகளை வரைந்தவர் எண்ணத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. பிரிவுக்குப் பிரிவு செம்மண் தடங்கள் கிளைத்துச் செல்லும். அவை யாவும் ஆலையை நோக்கியே திரும்பும். தார்ச்சாலை தோட்டத்தின் வாயிலோடு சரி. சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு 1891ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. ஈயமும் பிற சரக்கும் கடலை எளிதில் அடைந்தன. மனிதர் நடந்தனர்; மாட்டு வண்டியில் ஏறினர்; பின்னாளில் மிதிவண்டியை மிதித்தனர்.

1948இல் அவசரகாலம் பிறந்தபின் அந்தச் சிறு நடமாட்டமும் சுருங்கிற்று. முள்வேலி, வாயிற்காவல், ஊரடங்கு ஆகியவை லயத்து வாழ்க்கையின் பகுதிகளாயின. 1960இல் அவசரகாலம் நீங்கியது. வேலிகள் விலகிய அதே காலத்தில்தான் மோட்டார் சைக்கிள் என்னும் சிறிய பொறி இந்நாட்டுக் கடைகளில் வந்து நின்றது. இவ்விரண்டும் ஒருங்கே நேர்ந்தது தற்செயலே. ஆனால் தோட்டத்து இளைஞனின் கண்ணுக்கு அது தற்செயலாகத் தோன்றியிராது.

அப்பொறியின் பிறப்பிடம் சப்பான். ஹோண்டா நிறுவனத்தார் 1958இல் 'சூப்பர் கப்' என்னும் வண்டியை வெளியிட்டனர். நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டா பொறியியலில் வல்லவர். அவருடைய கூட்டாளி தக்கேயோ புஜிசாவா வாணிகத்தில் வல்லவர். பெரிய இயந்திரத்தைச் சிறிதாக்கி விற்பதில் அவர்கள் நாட்டம் செலுத்தவில்லை. இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவரும் ஓட்டத்தக்க ஒரு வண்டியை ஆக்க வேண்டும் என்பதே நோக்கம். எஞ்சின் 50 சி.சி.; நான்கு வீச்சு; ஆற்றல் நாலரைக் குதிரைத்திறன். கால் தூக்கி ஏறவேண்டியதில்லை. நடுவில் தாழ்ந்த சட்டகத்தின் ஊடே காலை வைத்து ஏறிவிடலாம். ஆகவே வேட்டி கட்டியவரும் சேலை உடுத்தியவரும் கூச்சமின்றி அமர முடிந்தது. கிளட்ச் தானே இயங்குவதால் இடக்கை ஓய்வாக இருக்கும். சக்கரங்கள் 17 அங்குல விட்டம் உடையவை. குழியில் இறங்கி ஏறுவதற்கு ஏற்றவை. முன்னால் அகன்ற கால்மறைப்பு. சங்கிலிக்கு முழு மூடி. சேறும் புழுதியும் நிறைந்த சாலைக்கென்றே ஒருவர் வரைந்து கொடுத்தது போன்ற அமைப்பு. 2017ஆம் ஆண்டுக்குள் இவ்வகை வண்டிகள் பத்துக் கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன என்பதிலிருந்து, நெகிரி செம்பிலானின் தேவை உலகின் பெரும்பகுதிக்கும் இருந்தது என்பது விளங்கும்.

இதனை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனத்தில் 1915இல் பிறந்து, இளமையில் பேருந்துகளைக் கழுவிப் பிழைத்து, பின் பேருந்துத் தொழிலில் உயர்ந்தவர் அவர். 1950களின் இறுதியில் ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்றார். 'கப்' என்னும் பெயருடன் சிறியது என்று பொருள்படும் சீனச் சொல்லான 'சாய்' சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. ஆங்கிலப் பெயர், சீன ஈறு, மலாய் நாவில் பழகிய ஒலி, தமிழர் வாயில் நாள்தோறும் புழங்கும் சொல்! இந்நாட்டின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகக் கூறும் சொல் மற்றொன்று கிடைப்பது அரிது.

தோட்டத்து வாழ்வில் வேறொரு வண்டியும் மதிப்போடு உலவியது. அது வெஸ்பா ஸ்கூட்டர். இத்தாலியில் பியாஜியோ நிறுவனத்துக்காகக் கொராதினோ தஸ்கானியோ என்பார் 1946இல் அமைத்தது. அவர் வானூர்திப் பொறியாளர். மோட்டார் சைக்கிளின் எண்ணெய்ப் பிசுக்கை விரும்பாதவர். ஆகையால் எஞ்சினை மூடி மறைத்தார், சங்கிலியையே நீக்கினார், வானூர்தியின் சக்கரம்போல் முன்சக்கரத்தை ஒருபுறத் தாங்கியில் பொருத்தினார். வெள்ளைச் சட்டை அழுக்காகாமல் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ செல்ல விரும்பிய ஆசிரியர்க்கும் கிராணிமார்க்கும் இது உகந்ததாயிற்று. ஆயினும் அதன் சிறிய சக்கரங்கள் தார்ச்சாலைக்குப் பழகியவை. மழைநீர் அரித்த செம்மண் தடத்தில் அவை தடுமாறும். எஞ்சினும் ஒருபுறமாகவே அமைந்திருந்தது. எனவே வெஸ்பா பெரும்பாலும் நகரத்துச் சாலையில் விளங்கிற்று. காட்டுப் பக்கம் கப்சாயே சென்றது.

விலை எல்லார்க்கும் எட்டுவதாக இருந்ததில்லை. தினக்கூலி வாங்கும் குடும்பம் ஒரே தொகையாகக் கொடுத்து வண்டி வாங்குவது கனவே. தவணை முறை அக்கனவை நனவாக்கிற்று. 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் மோட்டார் சைக்கிளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, வாங்குவோர்க்குச் சில பாதுகாப்புகளை அளித்தது. தந்தை பால் மரம் வெட்ட, தாய் களை எடுக்க, மகன் கையெழுத்திட்டு வண்டியைக் கொண்டுவருவான். லயத்தின் முன் அதற்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கி, திருநீறு பூசிப் பொட்டிடுவர். அன்று நடைபெறாத ஒன்று உண்டு: ஓட்டக் கற்றுக்கொடுத்தல்.

கற்றல் பெரும்பாலும் தோட்டத்துத் திடலில் முடிந்துவிடும். மாமனோ அண்ணனோ பின்னால் அமர்ந்து இரண்டு மாலை சுற்றிவந்தால், அவன் ஓட்டுநன். அப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடத்தில் முதல் விதி, 'முன் பிரேக்கைத் தொடாதே. தூக்கி எறிந்துவிடும்' என்பது. இவ்விதியை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. சரளைக் கல் உதிர்ந்த செம்மண் தடத்திலும் மழை பெய்து சேறான பாதையிலும் முன்சக்கரம் திடீரென்று நின்றால் வண்டி சறுக்கிச் சாயும். காட்டுப் பாதையில் மெதுவாகச் செல்வோர்க்குப் பின் பிரேக்கே போதுமானது. அனுபவம் தந்த அறிவு அது.

அதே அறிவு தார்ச்சாலையில் ஆளைக் கொல்லும். வண்டி விரைவாகச் செல்கையில் பிரேக் பிடித்தால், வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்சக்கரத்தின்மேல் சாய்கின்றன, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்தினும் அது நின்று வழுக்குமேயன்றி வண்டியை நிறுத்தாது. நிறுத்தும் வலிமை அப்பொழுது முன்சக்கரத்திடமே இருக்கிறது. வண்டியை நிமிர்ந்த நிலையில் வைத்து, இரு பிரேக்குகளையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக இறுக்குவதே முறை. இதைத் திடலில் கற்றுக்கொடுப்பார் இல்லை. ஏனெனில் கற்றுக்கொடுத்தவரும் செம்மண்ணில் கற்றவரே.

இக்குறை தோட்டத்துத் தமிழனுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டனர். விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி பெறாதவர். தாமாகவோ உறவினர் நண்பரிடமோ கற்றவர். ஆபத்து நேர்ந்த கணத்தில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து, முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தாமல் விட்டனர். அகன்ற சாலைகளும் செல்வமும் நிறைந்த நாட்டிலும் அதே மாமன், அதே திடல்!

அவ்வாய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. வண்டியின் பழுதினால் நேர்ந்த விபத்துகள் 3 விழுக்காட்டுக்கும் குறைவே. அவற்றுள்ளும் மிகுதியானவை டயரில் காற்று இறங்கியதால் கட்டுப்பாடு இழந்தவை. இதைக் கொண்டு பராமரிப்பு முக்கியமன்று என்று முடிவுகட்டுவோர் உளர். அம்முடிவு ரஹாங் வட்டாரத்துக்குப் பொருந்தாது. லாஸ் ஏஞ்சலஸில் வண்டி ஓடியது உலர்ந்த நல்ல சாலையில். இங்கோ ஆண்டு முழுவதும் மழை; செம்மண்; அதன்மேல் இரண்டு ஆள் சுமை. அந்த 3 விழுக்காட்டிலும் டயரே முதலிடம் பெற்றது என்பதையே இங்குள்ளோர் நெஞ்சில் இருத்த வேண்டும்.

தோட்டத்துச் செம்மண் இயந்திரத்துக்குப் பகை. வெயிற்காலத்தில் அது மாவுபோன்ற தூசியாகிக் காற்று வடிகட்டியை அடைக்கும். மழைக்காலத்தில் குழம்பாகிச் சங்கிலியில் ஒட்டி, எண்ணெயோடு கலந்து, அரத்தைப்போல் தேய்க்கும். முழு மூடி இருந்த காரணத்தால் கப்சாயின் சங்கிலி மற்ற வண்டிகளின் சங்கிலியைவிட நீண்ட நாள் உழைத்தது. ஆனால் மூடியே ஒரு கேடாகவும் ஆயிற்று. கண்ணுக்குத் தெரியாததைக் கவனிப்பவர் சிலரே. சங்கிலி தளர்ந்து மூடியில் உரசிக் 'கடகட' என்று ஓசை எழுப்பும்வரை வாளாவிருப்பர். நடுப்பகுதியில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு விரற்பருமன் இறங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் பற்சக்கரத்தை விட்டு நழுவிப் பின்சக்கரத்தைப் பூட்டிவிடவும் கூடும்.

எண்ணெயின் செய்தி இன்னும் நுட்பமானது. கப்சாயின் எஞ்சினில் ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெயே கொள்ளும். அச்சிறு அளவே எஞ்சினுக்கும், பற்சக்கரப் பெட்டிக்கும், கிளட்சுக்கும் சேர்த்து உழைக்கிறது. கார்களில் இப்பணிகள் தனித்தனியே பிரிந்திருக்கும். ஆகவே காரைவிட மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றம் அடிக்கடி வேண்டும். 'சின்ன வண்டிதானே' என்பார் பலர். சின்ன வண்டி என்பதாலேயே வேண்டும் என்பது அவர்கட்குத் தோன்றுவதில்லை. இருந்தும், எண்ணெய் வற்றி, கறுத்து, கூழாகிய பின்னும் ஓடிய கப்சாய்கள் தோட்டந்தோறும் உண்டு. அதன் பொறுமையே அதன் உடைமையாளரைச் சோம்பேறியாக்கிற்று எனலாம்.

வெஸ்பாவின் எஞ்சின் இருவீச்சு வகையைச் சார்ந்தது. அதில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். எண்ணெய் குறைந்தால் உருளைக்குள் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். ஓட்டத்தின் நடுவே நின்றால் பின்சக்கரமும் உடன் நிற்கும். கூடினால் புகை; கரி படிந்து புகைபோக்கி அடைபடும்; ஸ்பார்க் பிளக் நனைந்து கிளம்ப மறுக்கும். வெஸ்பாக்காரர் சட்டைப்பையில் பேனாவுக்கு அருகே ஒரு பிளக்கும் இருக்கும் என்று கேலி பேசுவது வழக்கம். அவ்வண்டியோடு மாற்றுச் சக்கரம் ஒன்று கிடைத்தது பெரும் வசதி. அதன் விளிம்பு இரண்டு தட்டுகளாகத் திருகாணிகளால் இணைந்தது. டியூபை மாற்றுவோர் காற்றை முழுதும் இறக்கிய பிறகே அத்திருகாணிகளைக் கழற்ற வேண்டும். காற்று நிறைந்திருக்கையில் கழற்றினால் தட்டு வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும்.

பிரேக்குகள் அக்காலத்தில் உருளை வகையின. சக்கரத்தின் நடுவிலுள்ள உருளைக்குள் இரு கட்டைகள் விரிந்து உரசும். கட்டை தேயத் தேய மிதிகட்டை ஆழமாக இறங்கும். பின்புறத் தண்டின் முனையிலுள்ள திருகாணியைக் கையால் இறுக்கினாலே சரியாகிவிடும். செலவு ஒரு காசுமில்லை. ஆற்றங்கரைப் பாதையிலோ வெள்ளம் தேங்கிய இடத்திலோ வண்டி இறங்கி ஏறியபின், உருளைக்குள் நீர் புகுந்து பிரேக் பிடிக்காது. சிறிது தூரம் மெல்ல ஓட்டி, பிரேக்கை இலேசாக அழுத்தியவாறே சென்றால் சூட்டில் உலர்ந்துவிடும். இதை அறியாமல் நேரே மலையிறக்கத்தில் இறங்கியவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று.

மலையிறக்கம் என்றதும் இவ்வட்டாரத்தார் நினைப்பது புக்கிட் பூத்துஸ். சிரம்பானுக்கும் குவாலா பிலாவுக்கும் இடையே மலையைக் கடக்கும் பழைய சாலை அது. வளைவுக்குமேல் வளைவாகச் சென்ற அப்பாதைக்கு மாற்றாகப் பின்னாளில் அகன்ற புதிய சாலை அமைந்தது. பழைய சாலையின் நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பி இறங்கினால், கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ்க் கியரில் மாற்றி, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு விடவேண்டும். நால்வீச்சு எஞ்சின் இதற்கு நன்கு உதவும். பின்னாளில் பெருகிய யமாஹா, சுசுக்கி இருவீச்சு வண்டிகள் ஏற்றத்தில் பாய்ந்தன. இறக்கத்தில் எஞ்சினின் பிடிப்பு அவற்றில் குறைவு. கப்சாயிலிருந்து அவற்றுக்கு மாறிய இளைஞர் இவ்வேற்றுமையைச் சாலையிலேயே கற்க நேர்ந்தது.

இப்பராமரிப்பு அறிவெல்லாம் தோட்டத்துக்கு எங்கிருந்து வந்தது? மிதிவண்டிக் கடையிலிருந்து எனக் கூறுவதே பொருந்தும். ஒட்டுப்போடுதல், கம்பி இறுக்குதல், சங்கிலிக் கண்ணி மாற்றுதல், பிரேக் தண்டைச் சரிசெய்தல் ஆகிய அனைத்தும் மிதிவண்டியில் பழகியவையே. கப்சாயை அமைத்தோர் அதை மிதிவண்டியின் நெருங்கிய உறவாகவே ஆக்கினர். ஆதலின் பெட்டி நிறையக் கருவிகள் இல்லாத தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து வாசலில் வண்டியைச் சாய்த்து வைத்துத் தன் கையாலேயே பாதி வேலையை முடித்துக்கொண்டான். பாதுகாப்பில் அவனுடைய பங்கு இதுவே. மற்றப் பங்கு அவனால் ஆகக்கூடியதன்று. அது வேறிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

தலைக்கவசத்தின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. முதல் உலகப்போரில் அரபு நாட்டில் புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று மோட்டார் சைக்கிளில் சென்றபோது, மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்மீது மோதாதிருக்க விலகித் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் கழித்து மூளைக் காயத்தால் இறந்தார். அவரைக் காக்க முயன்ற மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். அச்சாவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1941இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் போரின் முதல் 21 மாதங்களில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் பின்னிருந்தோரும் சாலையில் மாண்டனர் என்றும், அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது தலைக்காயமே என்றும் அதில் காட்டினார். கவசம் அணிந்து காயமுற்றவராக அவர் கண்டது ஏழு பேரையே, எழுவரும் பிழைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் தன் ஓட்டுநர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. குடிமக்களுக்கு அது கட்டாயமானது 1973 ஜூனில்தான். 32 ஆண்டுகள்!

மலேசியாவிலும் மோட்டார் சைக்கிள் தலைக்கவச விதிகள் அதே 1973இல் பிறந்தன. இதில் இந்நாடு பின்தங்கவில்லை என்பது கருதத்தக்கது. மலேசியத் தரநிலைகளின் வரிசையில் முதல் எண்ணைத் தாங்கிய எம்.எஸ். 1 தலைக்கவசத்துக்கே உரியது.

விதி வந்தவுடன் தோட்டம் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. வெப்பம் தாங்காது என்றனர். பின்னால் வரும் வண்டியின் ஓசை கேளாது என்றனர். கொண்டையில் வைத்த பூ கசங்கும் என்று பெண்கள் தயங்கினர். மற்றொரு கூற்று எல்லாவற்றிலும் ஆழமானது: 'விதி முடிந்தால் கவசமா காக்கும்?' சட்ட விதிக்கும் தலைவிதிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இவ்வாதம் எளிதில் வென்றுவிடுகிறது. போலீசு நிற்கும் தார்ச்சாலைக்கு அருகே வரும்வரை கவசம் கைப்பிடியில் தொங்கும். தலையில் ஏறியபின்னும் வார் கட்டப்படாது. கட்டாத கவசம், விழும்போது தலையை விட்டு முதலில் பறந்துவிடும். ஒருமுறை பலமாக மோதிய கவசம் மறுமுறைக்கு உதவாது என்பதையும் அறிந்தோர் சிலரே. உள்ளிருக்கும் நுரைப்பொருள் தான் நசுங்கி அடியை ஏற்கிறது, நசுங்கியது மீள்வதில்லை. வெளியோடு பளபளப்பாக இருப்பதைக் கண்டு தம்பிக்குக் கொடுப்பர்.

எனினும் எண்கள் வேறொரு கதை கூறின. தீபகற்ப மலேசியாவில் மோட்டார் சைக்கிள் சாவுகளைத் தலைக்கவசச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு 1984இல் வெளிவந்தது. அச்சட்டத்துக்குப் பின் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது என அது கணக்கிட்டது. மக்களின் தலைவிதி ஓராண்டில் மாறியிருக்க இயலாது. மாறியது அவர்கள் தலைமேல் இருந்த பொருள்.

இதற்கிடையே சாலையும் மாறிற்று. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் போடப்பட்டது. 1990களில் அது நீட்டிக்கப்பட்டது. லாரியும் பேருந்தும் உராய்ந்து செல்லாத பாதையில் சிறு வண்டி தன் வேகத்தில் போயிற்று. விபத்துகள் அங்கே பெரிதும் குறைந்ததை ஆய்வாளர் கண்டனர். ஆனால் எல்லாச் சாலைக்கும் தனித்தடம் போடுவது ஆகக்கூடிய செயலன்று. ரஹாங் வழியே நகரத்துக்குள் வரும் தொழிலாளி, லாரிக்கும் காருக்கும் நடுவேதான் வரவேண்டியிருந்தது.

அவன் இப்பொழுது முன்னைவிட மிகுதியாக வந்தான். செனாவாங்கில் தொழிற்பேட்டை எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பால்வாளியை விட்டு ஆலைக்குச் சென்றனர். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின; லயங்கள் இடிந்தன; குடும்பங்கள் நகரத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. முன்பு வண்டி பெரட்டுக்கும் காட்டுக்கும் இடையே, மணிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். இப்பொழுது இரவு முறை வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு பெருஞ்சாலையில் வந்தது. தோட்டத்துப் பழக்கங்கள் அனைத்தும், முன் பிரேக்கைத் தொடாமை உட்பட, அவனோடு வந்தன.

பெருஞ்சாலையில் அவனைக் கொன்றது பெரும்பாலும் அவன் வேகமோ வண்டியின் பழுதோ அன்று. 'நான் பார்க்கவில்லை' என்று காரோட்டி சொன்ன இரண்டு சொல்லே. ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸில் கண்டதும் இதையே. கார்கள் எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் குறுக்கே திரும்பின. திரும்பியோர் அதைக் காணவில்லை, அல்லது மிகவும் தாமதமாகக் கண்டனர். குறுகிய உருவம், மரநிழல் விழும் சாலை, பெரிய வாகனங்களையே தேடும் கண்.

இதற்குத் தீர்வு மிக எளிய ஒன்றாக வந்தது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என 1992இல் பரப்புரை நடைபெற்றது. அவ்வாண்டிலேயே அது சட்டமும் ஆயிற்று. அதன் பயன் உண்மையில் யாது என்பதை அறிய, உமார் ராடின் சொஹாடி என்னும் மலேசிய ஆய்வாளர் பிரிட்டனைச் சேர்ந்த மக்கே, ஹில்ஸ் ஆகியோரோடு கூடி விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தார். அவர்கள் தேர்ந்த ஊர்கள் இரண்டு: ஷா ஆலம் ஒன்று, மற்றது சிரம்பான். மோட்டார் சைக்கிள் கண்ணிற் படாமையால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தன என்பது 1996இல் வெளியான அவர்களின் முடிவு. பகல் விளக்கைப் பற்றி வெளிநாடுகளில் எழுந்த வாதங்களில் இம்முடிவு பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது. அந்தக் கணக்கில் அடங்கிய வண்டிகளுள் சில, ரஹாங் வழியே ஆலைக்குச் சென்றவை என்று கொள்வதில் பிழையிராது.

நாடு முழுவதும் நோக்கின் நிலைமை இன்னும் துயரமானதே. 2016இல் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். அவர்களுள் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். வண்டிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, கவசமும் விளக்கும் தந்த ஆதாயத்தை அப்பெருக்கம் விழுங்கிக்கொண்டே வந்தது.

பகல் விளக்குச் சட்டம் பட்டறைகளுக்கும் ஒரு புதிய வேலையைக் கொடுத்தது. பழைய கப்சாய்களில் மின்னமைப்பு 6 வோல்ட்டே. எஞ்சின் மெதுவாக ஓடினால் விளக்கும் மங்கும். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தொழிலாளி, வளைவில் வேகம் குறையுந்தோறும் பாதை இருண்டுபோவதை நன்கறிவான். சிலர் கைவிளக்கையும் உடன் கட்டிக்கொண்டு சென்றனர். பகல் முழுதும் விளக்கு எரிய வேண்டியபோது குமிழ்கள் விரைவில் கருகின; கம்பி இணைப்புகளில் துரு ஏறியவை வெளிப்பட்டன. குமிழ் ஒன்று கருகியதைப் பகலில் ஓட்டுபவன் அறியமாட்டான். எதிரே வருபவன்தான் அறிவான், அதாவது அறியாமலே போவான். எனவே காலையில் வண்டியைக் கிளப்பியதும் உள்ளங்கையை விளக்கின்முன் வைத்து வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கும் வழக்கம் தோன்றிற்று. அதற்குப் பிறகு வந்த வண்டிகள் 12 வோல்ட் மின்கலத்தோடு வந்தன. இன்னும் பின்னர் வந்த பலவற்றில் முகப்பு விளக்கை அணைக்கும் பொத்தானே இல்லை.